ஒரே வளவில் இரண்டு அடுப்பு

பெரியமடு,
14.02.1993

அன்பு மகள் பெற்றிசியாவுக்கு,

நீயும் மருமகனும் பேரப்பிள்ளையும் ஜேர்மனியில் மாதாவின் காவலில் இருப்பீர்கள் என்று நம்பி அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். இந்த முறை அந்தப் பொய்யை எழுதக் கை வரவில்லை.

முதலில் ஒரு விசயம். இந்தக் கடிதம் உன் கைக்கு வர முன்னம் வழியில் யாரோ பிரித்துப் படிப்பார்கள். போன கடிதத்தைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது என்று எழுதினாய். நான் ஒட்டியது கோதுமை மாப் பசையால். ஆகவே படிக்கிற ஐயாமாருக்கும் சேர்த்தே சொல்லி வைக்கிறேன். இதில் இயக்கக் கதையும் இல்லை, ஆமிக் கதையும் இல்லை. வெறும் வயிற்றுக் கதை. விருப்பமென்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியுங்கோ.

உன் தம்பி சந்தியோகு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். எங்கள் ஊர் அரிப்பை விட்டு இடம்பெயர்ந்து இந்தக் காட்டுக்குள் வந்த நாளில் இருந்து அவனுக்குக் கடல் கடல் என்றுதான் கதை. போகாதே மகன் என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். இரண்டு பொடியங்களோடு அரிப்புப் பக்கம் போய் வள்ளம் இறக்கியிருக்கிறான். மேலே இருந்து சுட்டார்கள். எது சுட்டது என்று நான் எழுதவில்லை, படிக்கிறவர்களுக்குத் தெரியும். இரும்புத் துண்டு வயிற்றைக் கிழித்துவிட்டது. உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் போட்டு, மடு றோட்டில் வெள்ளைக்கார டொக்டர்மார் நடத்துகிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய டொக்டர் குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டுத் தைத்தார். பிறகு காய்ச்சல் நெருப்பாய்க் காய்ந்தது. நினைவில்லை, மூக்கில் குழாய், கையில் குழாய். நரம்பால் மருந்து ஏற்றி ஏற்றி ஒரு மாதிரி காய்ச்சலை இறக்கினார்கள். கண் திறந்து அம்மா என்றான். நான் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தேன்.

அதற்குப் பிறகுதான் வயிறு கழியத் தொடங்கியது. தண்ணியாய், நாற்றமாய், நிற்காமல் போகிறது. புண் ஆறிவிட்டது, ஆள் கரைகிறான். தோளெலும்பு இரண்டும் சட்டைக்கு வெளியே தெரிகிறது மகள்.

எனக்கு இதில் இரண்டு சந்தேகம்.

ஒன்று ஆஸ்பத்திரி. ஊசி மருந்துப் போத்தலில் பாதியைத்தான் ஏற்றுகிறார்கள். மீதியை மூடி எடுத்துக்கொண்டு போகிறார்கள். எங்கே போகிறது? சிஸ்டர் பிரான்சிஸ்காவைக் கேட்டேன். பேசாலை ஊர்ப் பிள்ளை, நல்ல கன்னியாஸ்திரிதான். ஆளின் நிறைக்கு ஏற்ற அளவு அவ்வளவுதான் அம்மா என்று சிரித்துக்கொண்டு சொல்கிறா. சிரிக்கிறவர்களை நான் நம்பமாட்டேன். ஆகவே கோயிலடியில் ஒருவனிடம், இந்தியாவில் இருந்து வள்ளத்தில் வந்ததென்று சிவப்பும் கறுப்புமான கூட்டுக் குளிசை வாங்கினேன். கூட்டைத் திறந்து தூளைத் தேத்தண்ணியில் கரைத்துக் காலையும் மாலையும் அவனுக்குப் பருக்குகிறேன். என் முழங்கால் வீக்கத்துக்கும் அதில்தான் போடுகிறேன். முந்தி என்றால் வஸீரின் மருந்துக்கடையில் காட்டி இது நல்லதோ என்று கேட்டிருக்கலாம். அந்த முஸ்லிம் சனத்தைத்தான் ஊரைவிட்டே அனுப்பிவிட்டார்களே. யார் அனுப்பியது என்றும் நான் எழுதவில்லை.

மற்றச் சந்தேகம் அவள்மேல். அழகம்மாமேல்.

இவன் இந்தத் தோட்டக்காட்டாளைக் கட்டியதில் இருந்து எங்களுக்கு நல்லது நடந்ததா? மலைநாட்டில் இருந்து அடிபட்டு இங்கே குடியேற வந்த சனம். மூக்கும் முழியும் பார்த்து மயங்கினான். ஞானஸ்நானம் எடுத்தாள் சரி, தண்ணீர் தலையில்தானே விழுந்தது. இப்போது நாங்கள் இருப்பது அவள் தகப்பன் செல்லையாவின் காணியில், அவருடைய வளவுக்குள். அது என் தலைவிதி. ஆனால் என் அடுப்பு வேறு, அவள் அடுப்பு வேறு. அவள் சட்டியில் இருந்து ஒரு பருக்கை என் வாயில் பட்டதில்லை. செல்லையா வந்து கதைக்கும்போது தேத்தண்ணி கொடுக்கிற கோப்பையும் தனியாகத்தான் வைத்திருக்கிறேன்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேலியோரம் மண்வெட்டியால் கிண்டி எதையோ குழியில் போட்டுத் தாழ்க்கிறாள். இரண்டு தரம் கண்டேன். என்னைக் கண்டதும் மண்ணைத் தள்ளி மூடினாள். கேட்டால் துணி மாமி என்கிறாள். துணியை ஏன் தாழ்க்க வேண்டும்? தோய்க்கத்தானே வேண்டும்? மலைநாட்டில் செய்வினை சூனியம் அதிகம் என்று உனக்குத் தெரியும். கட்டிலடியில் இருந்து அழுகிறாள். ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதைதான்.

இனி எனக்குத்தான் கடிதம் எழுது. அவளுக்கு ஒரு வரியும் எழுதாதே. என் கையில் வருவதை வேறு யாரும் பிரிக்கக் கூடாது.

தம்பிக்காக முழங்காலில் இருந்து மன்றாடு மகள்.

உன் அம்மா,
செபஸ்தியம்மா


பெரியமடு,
06.03.1993

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கடிதம் வந்தது. ஓரத்தில் பிளேட்டால் அறுத்துப் பிறகு ஒட்டியிருந்தது. உள்ளே வைத்த பேரப்பிள்ளையின் படத்தைப் படிக்கிறவர்கள் எடுக்கவில்லை, அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கும்போல.

சந்தியோகு இன்று பேசவில்லை. நேற்றும் பேசவில்லை. கண் உள்ளே போய்விட்டது. கோயில் சுவாமியார் வந்து கடைசி அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். இதற்குமேல் எழுதினால் எழுத்து நனையும்.

நடந்ததை உனக்குத்தான் சொல்லலாம். அந்த ஊரில் யாரிடமும் வாய் திறவாதே.

பெரிய டொக்டர் என்னையும் அவளையும் கூப்பிட்டு இருத்தினார். அவர் சொல்லச் சொல்ல சிஸ்டர் தமிழில் சொன்னா. எல்லா மனிதருடைய குடலிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்குதாம். எல்லாம் கெட்டது இல்லையாம். சாப்பாட்டைச் செமிக்க வைக்கிறதும், கெட்டதை அண்டவிடாமல் காக்கிறதும் அதுகள்தானாம். உயிருக்குப் போராடுகிற நோயாளிக்கு ஏற்றுகிற கடும் மருந்து காய்ச்சல் கிருமியையும் கொல்லும், இதுகளையும் கொல்லும். பிறகு ஒரு கெட்ட சாதிக் கிருமி மட்டும் மிஞ்சி, வெறும் குடலைப் பிடித்துக்கொண்டு பெருகுமாம். இவனுக்கு நடந்தது அதுதானாம். காய்ச்சலுக்கு அந்த மருந்தைக் கொடுக்காமல் விட்டிருந்தால் அன்றைக்கே செத்திருப்பான், ஆனால் கொடுத்த அளவுக்கு இவ்வளவு மோசமாகக் கூடாது, அதுதான் விளங்கவில்லை என்று டொக்டர் நெற்றியைத் தடவினாராம்.

சிஸ்டர் எனக்கு விளங்கச் சொன்னா. அம்மா, அரிப்பில் நீங்கள் எல்லாரும் எழும்பி வந்த பிறகு உங்கட வீடுவாசல் எப்பிடிக் கிடக்கும் என்று கேட்டா. நாயும் பாம்பும் முள்ளுப் பத்தையும்தான் என்றேன். அவன்ர குடலும் இப்ப அப்பிடித்தான், ஊர்ச்சனத்தைத் திரும்பக் குடியேத்தினால்தான் பாம்பு போகும் என்றா. அது எனக்கு விளங்கியது.

வெளியில் இருந்து வேறு மருந்து ஏதும் கொடுக்கிறீர்களோ என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். அன்று பின்னேரம் அவனுக்கு நான் ஒன்றும் கரைத்துக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகும் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்காதே.

இந்தக் கெட்டதைக் கொல்ல வேறொரு மருந்து கொழும்பில் இருக்குதாம். வழியில் வரமாட்டாதாம். ஏன் என்று நான் எழுதவில்லை. ஆகவே பெரிய டொக்டர் வேறு வழி சொன்னார். சுகமான ஆள் ஒருவரின் மலத்தை எடுத்து, உப்புத் தண்ணியில் கரைத்து வடித்து, குழாயால் பின்பக்கமாக ஏற்ற வேண்டுமாம். எழுதுகிற எனக்கே கை கூசுகிறது. வெளிநாட்டில் முன்னமே சிலருக்குச் செய்து பார்த்திருக்கிறார்களாம். இவர் இன்னும் செய்ததில்லையாம், உண்மையைச் சொன்னார். நான் மடு மாதா கோயில் மண்ணைக் கரைத்துக் கொடுக்கவோ என்று கேட்டதற்கு வேண்டாம் என்று பாய்ந்த ஆள் இவர். மண் வேண்டாமாம், மலம் வேண்டுமாம்! எங்கள் மானத்தோடு விளையாடிப் பார்க்கிறானோ, புத்தகத்தில் எழுதுவதற்கு என் பிள்ளையை எடுக்கிறானோ என்று எனக்குச் சந்தேகம். சுவாமியாரிடம் ஓடிப்போய் இது பாவமோ என்று கேட்டேன். ஞானோபதேசத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை செபஸ்தியம்மா என்றார்.

யாருடையது நல்லது என்று கேட்டேன். அவனோடு ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிடுகிற ஆள்தான் நல்லது, சில மாதங்களாக எந்தக் குளிசையும் போடாத ஆளாகவும் இருக்க வேண்டும் என்றார். சிஸ்டர் சொல்லி முடிக்க முன்னம் நான்தான் என்று கையை உயர்த்தினேன். ஒரே சட்டிதானோ என்றா. ஓம் என்றேன். குளிசை? வாயில் வைத்ததில்லை என்றேன்.

நீ என்னை ஏசாதே. நான் இல்லையென்றால் அவளைத்தானே கேட்பார்கள்? அவன் கட்டியதில் இருந்து அவள் சட்டியில்தான் சாப்பிடுகிறான். என் வயிற்றில் கிடந்த பிள்ளையின் வயிற்றுக்குள், சொல்லவே நாக்கூசுகிறது, அவளுடையது போவதா? பெற்ற வயிற்றுக்கு இல்லாத பலன் வேறு எந்த வயிற்றில் இருக்கப்போகிறது? அழகம்மா பக்கத்தில்தான் நின்றாள். எல்லாம் கேட்டாள். என்னை ஒருக்கால் பார்த்தாள், ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேசாமல் இருக்கிறவர்களையும் நான் நம்பமாட்டேன்.

அவளில் இன்னொரு கள்ளமும் கண்டுபிடித்தேன். என் வெற்றிலைப் பையின் அடியில் குளிசைக் கூடுகளை முடிந்து வைத்திருந்தேன். முடிச்சோடு காணவில்லை. குடிசைக்குள் அவளைத் தவிர யார் வந்தார்கள்?

இன்று விடிய ஒரு ஜாம் போத்தலில் எடுத்து மூடி, தங்கூசி நூலால் மூடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். உன் அப்பா இன்னாசிமுத்து தூண்டிலுக்குப் போடுகிற முடிச்சு. அவிழ்க்க ஏலாது, அறுத்தால்தான் உண்டு. நடுவில் யாரும் திறந்து எதையும் கலக்கவோ மாற்றவோ கூடாது பார். முடிச்சுக்கு மேல், நூல் நுனியில், காசளவு மாதா சுரூபம் ஒன்றையும் கோத்துவிட்டுச் சிஸ்டரின் கையில் கொடுத்தேன்.

நாளை ஏற்றுகிறார்களாம். உன் தம்பிக்கு இனி வேறு வழி இல்லை மகள். இதுவும் பலிக்காவிட்டால் அடுத்த கடிதத்தை நான் எழுதமாட்டேன், சுவாமியார் எழுதுவார்.

அம்மா


பெரியமடு,
19.03.1993

என் செல்ல மகளுக்கு,

அம்மாதான் எழுதுகிறேன், சுவாமியார் இல்லை. பயப்படாதே.

கழிச்சல் நின்றுவிட்டது! ஏற்றிய மறுநாளே குறைந்தது. அடுத்த நாள் கஞ்சி கேட்டான். பிறகு மீன் கேட்டான், காட்டுக்குள் மீனுக்கு எங்கே போவது? பெரிய டொக்டர் கட்டிலடிக்கு வந்து கையைத் தட்டிச் சிரித்தார். இந்த ஒரு சிரிப்பை மட்டும் நம்பினேன்.

நான் பெற்றது மட்டும் இல்லை, இரண்டாம் தரமும் உயிர் கொடுத்தேன் என்று அங்கே இருக்கிற எங்கள் ஆட்களுக்குச் சொல்லலாம். எதைக் கொடுத்தேன் என்று விபரமாகச் சொல்லாதே. இங்கே அகதிமுகாம் முழுக்க, தாயின் இரத்தம் ஏற்றிப் பிழைத்தான் என்று கதை. நானும் திருத்தவில்லை. சனம் என்னைக் கண்டால் எழும்பி இடம் விடுகிறது. அழகம்மாவும் வாறவர்கள் எல்லாருக்கும், மாமி குடுத்ததாலதான் இவர் எழும்பினவர் என்றுதான் சொல்கிறாள். ஏன் இப்படி விட்டுக்கொடுக்கிறாள்? எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை. சும்மா யாரும் அடுத்தவருக்குப் பேர் வாங்கிக் கொடுப்பார்களா?

வேலியோரம் என்ன தாழ்த்தாள் என்று பார்க்காமல் விடமாட்டேன்.

மாதாவுக்கு என் பேரில் ஒரு திரி கொளுத்து.

அம்மா


பெரியமடு,
11.04.1993, உயிர்த்த ஞாயிறு

அன்பு மகள் பெற்றிசியாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். சந்தியோகு பூசைக்கு நடந்து வந்தான். வழியில் இரண்டு இடத்தில் இருந்து இளைப்பாறினான், ஆனால் நடந்து வந்தான்.

போன கிழமை அவனைத் தையல் காட்டக் கூட்டிக்கொண்டு போனோம். அவனும் அவளும் டொக்டரிடம் இருக்கிற நேரம் நான் மெல்லப் பின்பக்கம் போனேன். மண்வெட்டி வேலியில் சாத்திக் கிடந்தது. அவள் கிண்டுகிற இடம் எனக்குத் தெரியும். கிண்டினேன். முதலில் துணி வந்தது, அவன் கழித்த துணிகள், சுண்ணாம்பு தூவித் தாழ்த்திருந்தது. பிறகு மண்வெட்டியில் கண்ணாடி தட்டுப்பட்டது.

என்னுடைய ஜாம் போத்தல், மகள். தங்கூசி அறுபடவில்லை. உன் அப்பாவின் முடிச்சு போட்டபடியே இருந்தது. சுரூபம் மட்டும் இல்லை.

களவெடுத்துத் தாழ்த்துவிட்டாள், இதுதான் இவளின் வேலை என்று அந்தப் போத்தலோடேயே சிஸ்டரிடம் போனேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னா. மேசை லாச்சியைத் திறந்து சுரூபத்தை எடுத்துத் தந்தா. மந்திரித்த சுரூபத்தை மண்ணில் போடக்கூடாது என்று நூல் நுனியால் உருவி எடுத்து வைத்தவவாம்.

பிறகு சொன்னா. அன்று காலை நான் போத்தலைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போன பிறகு அழகம்மா ஒரு முடிச்சோடு வந்தாளாம். குளிசைக் கூடுகள். மாமிக்கு இது கூடாத சாமான் எண்டு தெரியாது சிஸ்டர், பிள்ளை பிழைக்க வேணும் எண்டுதான் குடுத்தவ, தானும் போட்டவ, அவவை ஏசிப்போடாதேங்கோ என்று அழுதாளாம். பெரிய டொக்டருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. குளிசை போட்ட ஆளின் குடலிலும் நல்ல கிருமி குறைந்துதான் இருக்கும், என்னுடையது உதவாது என்றார். அவனோடு ஒரே சட்டியில் சாப்பிடுகிறது யார் என்று திரும்பக் கேட்டார்கள். அழகம்மாதான் கொடுத்தாள். யாருக்கும் சொல்லவேண்டாம் என்று சிஸ்டரின் கையில் சத்தியமும் வாங்கினாளாம். பெத்த தாய் குடுத்ததெண்டே இருக்கட்டும் சிஸ்டர், என்ர எண்டு தெரிஞ்சா அத்தை அவரைத் தொடமாட்டா என்றாளாம்.

அத்தை என்று சொன்னாளாம். அவர்கள் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கலியாணம் முடித்து வந்த புதிதில் என்னையும் அப்படித்தான் கூப்பிட்டாள். எங்கள் பக்கம் அப்படி இல்லை, மாமி என்று சொல் என்று நான்தான் திருத்தினேன்.

சிஸ்டர் சத்தியத்தை முறித்து ஏன் சொன்னா என்று கேட்டேன். நீங்கள் கிண்டிக்கொண்டே இருப்பீங்கள் அம்மா, அதுதான் என்றா. பாம்பு குடியிருந்த வீட்டைத் திரும்பவும் வீடாக்கியது அந்தக் குடியேற வந்த பிள்ளை. பாம்பைத் தேத்தண்ணி ஊற்றி வளர்த்தது யார் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை. நெஞ்சு வெந்துபோச்சுது மகள்.

போத்தலைத் திரும்ப அந்தக் குழியில் வைத்து நானே மண் போட்டேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் வந்தேன்.

அன்று பின்னேரம் நான் அடுப்பு மூட்டவில்லை. அழகம்மா வந்து, மாமி உலை வைக்கேல்லையோ என்று கேட்டாள். விறகு ஈரம் என்றேன். மழையைக் கண்டு எத்தனையோ நாள், விறகு காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. செல்லையா அங்கால் நின்று இருமினார். அவள் தன் அடுப்பில் இருந்து தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் ஒரு தட்டில் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்துவிட்டு, எடுப்பேனோ மாட்டேனோ என்று கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள். எடுத்தேன். சம்பலில் உப்புக் கூடிவிட்டது. அதைச் சொன்னேன். உடனே, ஐயோ அத்தை என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் திருத்தவில்லை.

அதற்குப் பிறகும் விறகு ஈரமாகத்தான் இருக்கிறது. செல்லையாவுக்கு வைத்திருந்த கோப்பையில் இப்போது நானும் குடிக்கிறேன், மற்றதில் அவரும் குடிக்கிறார்.

நீ அங்கே சொன்ன கதையை உன் வாயாலேயே மாற்றிச் சொல்லு. பேரையும் சொல்லு.

இன்னொன்று கேட்கிறேன், மறுக்காதே. இனிக் கடித உறையில் என் பேரைப் போடாதே. திருமதி அழகம்மா சந்தியோகு என்று போடு. உள்ளேயும் முதல் வரி அவளுக்கு எழுது. வழியில் எத்தனை பேர் பிரித்துப் படித்தாலும், இந்த வளவுக்கு வந்த பிறகு அவள்தான் பிரிக்க வேண்டும். எனக்குக் கண்ணும் மங்குகிறது, அவள் வாசித்தால் கேட்டுக்கொண்டு இருப்பேன். இந்த உறையை ஒட்டுவதற்கு மாப் பசை காய்ச்சிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள். என்ன எழுதினீங்கள் என்று கேட்கவில்லை.

மடு மாதா உன்னையும் உன் குடும்பத்தையும் காக்கட்டும். ஒரே அடுப்பில் சாப்பிடுகிற எங்கள் நாலு பேரையும் காக்கட்டும்.

அழகம்மாவின் அத்தை,
செபஸ்தியம்மா